தூறல், சாரல், தூவானம்: மழையில் நின்று எழுதிய சொற்குறிப்பு

ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெறும் சிங்கப்பூரில் மழைச் சொற்களைப் பழக வாய்ப்புக்குக் குறைவில்லை. 'தூவானம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, மழை வரும்போதெல்லாம் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரத்தில் நின்று ஒரு வாக்கியம் எழுதி, பிறகு அதே இடத்தில் தூறலையும் சாரலையும் மாற்றி வைத்துப் படித்துப் பார்த்து வருகிறேன்.

தூறல் எளிது. விழுவதே சிறு துளிதான். குடையில்லாமல் பேருந்து நிறுத்தம்வரை நடந்துவிடலாம். சாரலுக்கோ காற்று வேண்டும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ காலையிலோ வீசும் சுமத்ரா சூறைக்காற்றில் பெருமழையே சாய்ந்து உள்ளே வந்து, வாசலில் கழற்றிவைத்த செருப்புகளை நனைத்தாலும் 'சாரல் அடிக்கிறது' என்றுதான் சொல்கிறோம். ஆகவே தூறல் மழையின் அளவைச் சொல்கிறது, சாரல் அதன் சாய்வைச் சொல்கிறது என்று குறித்துக்கொண்டேன். மலைச்சரிவுக்கும் சாரல் என்று பெயர் இருப்பது இதற்குப் பொருந்தி வருகிறது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அண்டை வீட்டு அம்மாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அவருக்குச் சாரல் என்றால் குற்றாலத்தில் அருவி விழும் பருவம்.

தூவானத்தைப் பிடிப்பதற்குத்தான் நேரம் எடுத்தது. தாழ்வாரச் சுவரின் விளிம்பில் மோதிச் சிதறிய துளி காற்றில் பொடியாகப் பறந்து வருகிறது. சட்டை நனைவதில்லை, மூக்குக்கண்ணாடி மட்டும் மங்கிவிடுகிறது. 'வானம் வறக்குமேல்' என்ற குறளில் வானம் மழையைக் குறிப்பதை நினைத்தால், தூவப்படும் மழை என்று சொல்லே தன்னை விளக்கிக்கொள்கிறது. 'மழை விட்டும் தூவானம் விடவில்லை' என்ற பழமொழியில் தூறலை வைத்துப் பார்த்தேன். தூறலும் மழைதான் என்பதால், மழை இன்னும் விடவில்லை என்றே பொருள்படுகிறது. தூவானம் என்றால்தான் மழை போய், அதன் சிதறல் மட்டும் மிஞ்சி நிற்கிறது. முடிந்துபோன சண்டையின் முணுமுணுப்புக்கு இப்பழமொழி பொருந்துவது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

வினைச்சொற்களும் துணைக்கு வந்தன. தூறல் போடும், சாரல் அடிக்கும், 'தூவானம் போடுகிறது' என்பது மட்டும் காதில் ஒட்டவில்லை.

அடுத்தது அடைமழை. அது அளவையும் சாய்வையும் விட்டு, விடாமல் பெய்யும் நேரத்தைச் சொல்வது. பிற்பகலில் கொட்டிவிட்டு ஓயும் இடிமழையில் அதைச் சோதிக்க முடியாது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும்போது எழுதிப் பார்க்க வேண்டும்.