ஐல் ராயல் தீவுக்குப் போக: முதலில் படகு, அப்புறம் பாதை

அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரிக்குள் இருக்கும் ஐல் ராயல் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் வரைபடத்தை விரித்து, எந்த வழியாக நடக்கலாம் என்று பார்ப்பார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கும். ஆறு பேர் வரையுள்ள குழுவுக்கு முகாம் இடத்தில் முன்பதிவே கிடையாது, முதலில் வருபவருக்குத்தான் இடம். முன்கூட்டியே உறுதி செய்ய முடிவது படகு இருக்கை ஒன்றுதான். அந்தத் தேதிகள் கையில் வந்தபிறகு நடைத்திட்டம் போடுங்கள். ஏழு முதல் பத்துப் பேர் என்றால் மட்டும் பர்மிட்டை முன்பே எடுக்கவேண்டும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை தீவு மூடியிருக்கும்.

மிச்சிகனின் ஹௌட்டனிலிருந்து பூங்காத் துறையின் 'ரேஞ்சர் 3' கப்பலில் தீவின் கிழக்கு முனையான ராக் ஹார்பருக்கு ஆறு மணி நேரம். காப்பர் ஹார்பரிலிருந்து போனால் ஏறக்குறைய மூன்றரை. மினசோட்டாவின் கிராண்ட் போர்ட்டேஜிலிருந்து மேற்கு முனையான விண்டிகோவுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் கிராண்ட் போர்ட்டேஜில் மத்திய நேரம், தீவில் கிழக்கு நேரம். திரும்பும் படகின் நேரம் எந்தக் கணக்கில் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடல்விமானமும் உண்டு, மூடுபனி இறங்கினால் அது எழும்பாது, அதில் அடுப்பு எரிபொருளையும் ஏற்றமாட்டார்கள். எரிபொருளை ராக் ஹார்பர், விண்டிகோ கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

விண்டிகோவிலிருந்து ராக் ஹார்பர் வரை கிரீன்ஸ்டோன் மலைமுகட்டுப் பாதை சுமார் 40 மைல். ஐந்து நாள் ஒதுக்கினால் மூச்சு வாங்காது. ராக் ஹார்பரில் இறங்கும் கூட்டம் முழுக்க த்ரீ மைல் (2.7 மைல்), டெய்சி ஃபார்ம் (சுமார் 7 மைல்) முகாம்கள் என்று ஒரே பக்கம் நகரும். மாலையில் போய்ச் சேர்ந்தால் கொசுவலை அடித்த மரக்கொட்டகைகள் நிரம்பியிருக்கும், கூடாரம்தான். ஜூனில் கருப்பு ஈயும் கொசுவும் பிய்த்தெடுக்கும். ஆகஸ்ட் எவ்வளவோ மேல்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். ஓநாய், மூஸ் (பெரிய மான் வகை) வழியாகப் பரவும் நாடாப்புழுவின் முட்டைகள் ஏரித் தண்ணீரில் இருக்கலாம். குளோரின் மாத்திரையோ புற ஊதா விளக்கோ அவற்றைக் கொல்லாது. 0.4 மைக்ரானோ அதைவிட நுண்ணியதோ ஆன வடிகட்டி வேண்டும், இல்லையென்றால் நன்றாகக் கொதிக்கவிடவேண்டும். முகட்டின் மேல் நீண்ட தூரத்துக்குத் தண்ணீரே கிடைக்காது. ஏரியோர முகாமை விட்டுக் கிளம்பும்போதே பாட்டில்களை நிரப்பிவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 டாலர், 15 வயதுவரை இலவசம். நாய்க்கு அனுமதியில்லை, படகில் வைத்திருந்தாலும்கூட: ஓநாய்களுக்கு நோய் தொற்றிவிடும் என்பதால். அலை பெரிதானால் படகு ஒருநாள் தள்ளிப்போகும், போனில் சிக்னலும் இருக்காது. ஆகவே இரண்டு நாள் சாப்பாடு உபரியாக இருக்கட்டும். தீவில் கரடி இல்லை, ஆனால் நரி உண்டு. ராத்திரி ஷூவை வெளியே விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போய்விடும்.