காலை விளக்கும் மதியத் தூக்கமும்

என் மகளின் பள்ளி டைரியில் அதிகம் எழுதப்பட்ட வரி, "இன்றும் வகுப்பில் தூங்கிவிட்டாள்" என்பதுதான். இரவில் சீக்கிரம் படுக்க வையுங்கள் என்று கீழே ஓர் அறிவுரையும் இருக்கும். அவள் இரவு 8 மணிக்கு முன்பே தூங்கிவிடுகிறவள். விடிகாலை 3 மணிக்கு எழுந்து வீட்டையே எழுப்பிவிடுவாள். 11 மணிக்கு மேல், பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிடும்.

அவளுக்கு இருப்பது ஸ்மித்-மேகெனிஸ் சிண்ட்ரோம். 17ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லை. அதில் இருந்திருக்க வேண்டிய ஆர்ஏஐ1 என்ற மரபணுதான் பெரும்பாலான அறிகுறிகளுக்குக் காரணம். சுமார் 15,000 முதல் 25,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணக்கு. பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை, கரு உருவாகும் சமயத்தில் புதிதாக நேர்வது. இந்த ஒரு விஷயத்தை உறவுக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

தூக்க விஷயம்தான் விசித்திரம். நம் உடம்பில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இருட்டியபின் சுரக்கும், விடிந்தால் அடங்கும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு அது காலை 6 மணி வாக்கில் ஏற ஆரம்பித்து, நண்பகலில் உச்சம் தொட்டு, இரவு 8 மணி வாக்கில் வடிந்துவிடுகிறது. எல்லோருக்கும் நடுராத்திரியாக இருப்பது இவளுக்கு நடுப்பகலில் வருகிறது. சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்களிடம் இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாத்திரை வழி ஒன்று உண்டு. காலையில் அசிபியூட்டலால் என்ற பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்து வகை) கொடுத்துப் பகல் மெலடோனினை அடக்கலாம் என்று பிரெஞ்சு மருத்துவர்கள் 2001இல் எழுதினார்கள். பிறகு இரவில் மெலடோனினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். என் மகளுக்கு ஆஸ்துமா உண்டு. பீட்டா பிளாக்கர் மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும் என்பதால் டாக்டர் அந்தக் கதவை மூடிவிட்டார். அமெரிக்காவில் 2020இல் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற டாசிமெல்டியான் என்ற மருந்தும் இரவுத் தூக்கக் கோளாறுக்குத்தான். அப்படித்தான் எங்கள் பேச்சு, காலையில் பலமான வெளிச்சம் தரும் விளக்கின் அருகே உட்கார வைக்கும் சிகிச்சைக்கு வந்தது.

"பட்டப்பகல் வெளிச்சத்திலேயே மெலடோனின் சுரக்கிறதே டாக்டர், ஒரு விளக்கு என்ன செய்துவிடும்?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சிரித்தார். விழித்திரையில் பார்ப்பதற்கு அல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. நீல ஒளி பட்டால் அவை நன்றாகத் தூண்டப்படும். அவை தூங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் நடத்தும் மூளையின் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவதோடு, விழிப்போடு தொடர்புடைய பகுதிகளையும் தட்டி எழுப்பும். அதாவது மெலடோனினை முழுக்க நிறுத்தாவிட்டாலும் கொஞ்சம் சுறுசுறுப்பு கிடைக்கலாம். இந்த நோயில் இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் இல்லை, பயனில்லை என்றால் நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே ஒத்துக்கொண்டேன்.

கண் பரிசோதனைக்குப் பிறகுதான் விளக்கு வாங்கினோம். இந்தக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை அதிகம், தலையை மோதிக்கொள்ளும் பழக்கமும் உண்டு, விழித்திரை விலகும் அபாயம் இருக்கிறது. விளக்கு 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), புற ஊதாக் கதிரை வடிகட்டும் வகை. சாதாரண அறை வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் தேறும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 10,000 என்பது ஒரு முழம்கூட இல்லாத தூரத்துக்கான கணக்கு. சற்றுத் தள்ளி வைத்தால் வெளிச்சம் சடாரென்று விழுந்துவிடும். அவள் பக்கவாட்டில், மேசை மேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரில் அவளுக்குப் பிடித்த புதிர் அட்டைகளைப் பரப்பிவிடுவேன். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. அரை மணி நேரம். புதிர் தீர்ந்துவிட்டால் அன்றைய சிகிச்சையும் தீர்ந்தது!

எனக்கு இதில் முக்கியமாகத் தோன்றுவது வெளிச்சத்தின் அளவைவிட நேரம். 3 மணிக்கு எழுகிறாளே, அப்போதே விளக்கைப் போட்டால் என்ன என்று என் மனைவி கேட்டாள். கூடவே கூடாதாம். விடிகாலையில் பலமான வெளிச்சம் பட்டால் கடிகாரம் இன்னும் முன்னால் நகர்ந்து, 3 மணி 2 மணியாகிவிடக்கூடும். அதனால் 7 மணிவரை வீடு இருட்டாகவே இருக்கும். எழுந்தவளோடு யாராவது ஒருவர் மங்கலான சிவப்பு விளக்கில் உட்கார்ந்திருப்போம். உண்மையான சிரமம் இதுதான். 7 மணிக்குப் பிறகு வரும் அரை மணி நேரம் அதன்முன் ஒன்றுமே இல்லை.

பலன்? காலை முதல் இரண்டு வகுப்புகள் இப்போது பரவாயில்லை. பேருந்தில் தூங்குவது குறைந்திருக்கிறது, எரிச்சலும் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. நண்பகல் தூக்கத்தை மட்டும் விளக்கு அசைக்கவில்லை. இரவு எழுவதும் அப்படியேதான். இதில் விளக்கின் பங்கு எவ்வளவு, அவள் வளர்ந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாததால், விடுமுறையில் விளக்கை நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தூக்கக் குறிப்பேடு அதுவரை தொடரும். பள்ளியிலும் பேசி, மதியம் ஓர் ஓரத்தில் பாய் விரித்து அவளை 20 நிமிடம் படுக்க விடச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. டைரியில் இப்போது வீட்டுப்பாடம் மட்டும்தான் வருகிறது.