மாதச் சந்தா மருத்துவருக்கு மாறும்போது எங்கே சிக்கும்

அமெரிக்காவில் ஊழியர் மருத்துவக் காப்பீட்டைக் கையாளும் ஹெச்ஆர் ஆட்களுக்காக இது. குடும்ப மருத்துவரிடம் ஒவ்வொரு முறை போகும்போதும் பில் கட்டுவதை விட்டு, தலைக்கு மாதம் இவ்வளவு என்று கட்டும் 'டைரக்ட் பிரைமரி கேர்' முறைக்குத் திட்டங்களை மாற்றிக் கொடுத்ததில் கற்றுக்கொண்டவை.

முதலில், உங்கள் திட்டம் செல்ஃப் ஃபண்டடா? நிறுவனமே கிளெய்ம் பணத்தைக் கட்டி, நிர்வாகத்தை மட்டும் டிபிஏ என்ற வெளி நிறுவனம் பார்க்கிறது என்றால் மிச்சமாகும் பணம் உங்கள் கையில் நிற்கும். பிரீமியம் கட்டி வாங்கிய பாலிசியில் குடும்ப மருத்துவரின் செலவும் ஏற்கெனவே அடக்கம். அதற்கு மேல் சந்தாவும் கட்டினால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு பில்.

அடுத்தது கணக்கு. இரண்டு வருடக் கிளெய்ம் தரவை வாங்கி, 99202 முதல் 99215 வரையிலான சிபிடி கோடுகளில் (மருத்துவரைச் சந்திப்பதற்கான பில்லிங் எண்கள்) குடும்ப மருத்துவர்களுக்குப் போன தொகையைத் தனியே பிரியுங்கள். டிபிஏ இழுத்தடிக்கும். தரவைத் தரவிடாமல் தடுக்கும் ஒப்பந்த விதிகளை 2021ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த ஒதுக்கீட்டுச் சட்டம் தடை செய்திருப்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். கொஞ்சம் வேகம் பிடிக்கும். ரின்யூவலுக்கு ஐந்தாறு மாதம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

பணம் ஒழுகுவது ஒப்பந்தத்தில்தான். 120 பேருக்குத் தலைக்கு 75 டாலர் என்றால் மாதம் 9,000, வருடம் 1,08,000. அதில் 45 பேர்தான் மருத்துவரை எட்டிப் பார்த்தார்கள் என்றால், பயன்படுத்திய ஒருவருக்கு 2,400 டாலர் விழுகிறது. அதனால் பதிவு செய்து முதல் சந்திப்பை முடித்தவர்களுக்கு மட்டும் கட்டணம் என்று எழுதுங்கள். கிளினிக் ஒப்பாவிட்டால், முதல் ஆறு மாதத்துக்காவது கேளுங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது எச்எஸ்ஏவில், அதாவது மருத்துவச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்புக் கணக்கில். சந்தா இருந்தாலே எச்எஸ்ஏவில் பணம் போடும் தகுதி போய்விடும் என்பதுதான் வரித்துறையின் பழைய நிலைப்பாடு. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதைத் தளர்த்தி, 2026 ஜனவரி முதல் தனிநபருக்கு மாதம் 150 டாலர், ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு 300 டாலர் வரை அனுமதிக்கிறது. சந்தா 165 என்றால் கூடுதல் 15 டாலருக்கு மட்டும் சிக்கல் என்று நினைக்காதீர்கள், தகுதியே போய்விடும். இன்னொரு பொறி: தடுப்பூசி தவிர்த்த மருந்துகள் இந்த வரையறைக்குள் வராது. மாத்திரைகளையும் சந்தாவிலேயே சேர்த்துத் தரும் கிளினிக்குகள் உண்டு, ஊழியருக்கும் அது பிடிக்கும். எச்எஸ்ஏ வைத்திருப்பவர்களுக்கு அதைச் சந்தாவிலிருந்து பிரித்துவிடுங்கள். நிறுவனம் கட்டிய சந்தாவுக்கு ஊழியர் எச்எஸ்ஏவிலிருந்து பணம் எடுக்கவும் கூடாது.

திட்ட ஆவணங்களைத் திருத்துவது வக்கீல் வேலை. ஆண்டின் நடுவில் மாற்றுவதாக இருந்தால், ஊழியர்களுக்குக் கொடுக்கும் சலுகைச் சுருக்க ஆவணத்தைப் (எஸ்பிசி) பாதிக்கும் மாற்றத்துக்கு 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெரிய கிளெய்ம்கள் வந்தால் உங்களுக்கு ஈடுகட்டும் ஸ்டாப் லாஸ் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

முதல் வருடமே செலவு சரியும் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். 2020இல் அமெரிக்க ஆக்சுவரிகள் (காப்பீட்டுக் கணக்கு நிபுணர்கள்) சங்கம் வெளியிட்ட ஆய்வில், சந்தாவில் சேர்ந்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. சந்தாவையும் சேர்த்துக் கூட்டினால், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிறுவனத்துக்கு மிச்சம் என்று சொல்லும்படி ஏதுமில்லை. ஆரோக்கியமானவர்களே முந்திச் சேர்வதால், சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் கணக்கு இனிக்கத்தான் செய்யும். நோய்ச் சுமைக்கேற்பத் திருத்தித்தான் ஒப்பிட வேண்டும்.

தொடங்கிய முதல் மாதம் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: லேப், ஸ்கேன் கிளெய்ம் நிராகரிப்பு. சந்தா மருத்துவர் நெட்வொர்க்கில் இல்லாததால், அவர் எழுதிய பரிந்துரையை டிபிஏவின் மென்பொருள் ஏற்காது. மருத்துவர்களுக்கான தேசிய அடையாள எண்ணான அவருடைய என்பிஐயைப் பரிந்துரைக்கும் மருத்துவர் என்று முன்பே ஏற்றச் சொல்லி, ஒரு சோதனை கிளெய்ம் ஓட்டிப் பார்த்த பிறகே தொடங்குங்கள். வேலையை விட்டவர்களின் பெயரை வாரா வாரம் நீக்கி கிளினிக்குக்குப் பட்டியல் அனுப்புவது யார் பொறுப்பு என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.