அக்கானிக் கலயமும் ரப்பர் பாலும்

நம்ம பள்ளிக்கூடத்தில் இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்ற பாடத்தை நடத்திய சாரை இந்தப் பழைய மாணவர் சங்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாடப்புத்தகத்தில் பனிக்கட்டி உருகுவதும் காகிதம் எரிவதும்தான் உண்டு. பழையபடி திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம், அவ்வளவுதான், எழுதினால் மார்க்கு. சார் அதை விடவே மாட்டார். "விறகைக் கீறிப் போட்டா அது திரும்ப மரமாகுமா மக்களே? ஆகாது. அதுக்காக விறகு வேற பொருளா ஆயிட்டா?" என்பார்.

புதுப் பொருள் உண்டாச்சா இல்லையா, அதை மட்டும் பார் என்பது அவர் கணக்கு.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதற்குச் சோதனைக்கூடமே தேவையில்லை. அக்கானி, அதாவது பதநீர், இறக்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது எதற்கு? தடவாமல் விட்டால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச்சத்தும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கிவிடும், நுரை தள்ளிக் கள்ளாகிவிடும். அது வேதியியல் மாற்றம். அதே அக்கானியைக் காய்ச்சும்போது முதலில் போவது வெறும் தண்ணீர்தான், அதுவரை இயற்பியல். ஆனால் பாகு முறுகி நிறம் கறுத்து அந்த மணம் வருகிறதே, அங்கே சர்க்கரையே மாறத் தொடங்கிவிட்டது. ஒரே அடுப்பில் இரண்டும் நடக்கிறது, நடுவில் கோடு போட முடியாது.

அந்தச் சுண்ணாம்பு இன்னும் விசேஷம். சிப்பியைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், தண்ணீர் விட்டால் கொதித்து நீறும், சுவரில் அடித்தால் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல பழைய கால்சியம் கார்பனேட்டாகவே ஆகிவிடும். மூன்றுமே வேதியியல் மாற்றம், ஆனாலும் கடைசியில் நிற்பது சிப்பியில் இருந்த அதே பொருள்! திரும்பாது என்ற விதி இங்கே உடைந்து போகிறது.

ஆனால் வகுப்பில் பெரிய சண்டை ரப்பர் பாலுக்குத்தான். பாதிப் பேர் வீட்டில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு உண்டு, சிரட்டையில் வடியும் பாலைத் தட்டில் ஊற்றி ஆசிட் விட்டு உறைய வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். உறைந்த ஷீட்டைத் திரும்பப் பாலாக்க முடியாது, அதனால் வேதியியல் மாற்றம் என்று ஒரு கூட்டம் கத்தியது. சார் பொறுமையாக விளக்கினார்: பாலில் ரப்பர் சிறுசிறு துகளாக மிதக்கிறது, ஒவ்வொரு துகளைச் சுற்றியும் புரத உறையும் எதிர்மின்னூட்டமும் உண்டு, அதனால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும், பார்மிக் ஆசிட் (எறும்பு கடித்தால் எரிகிறதே, அதில் இருப்பதும் இதுதான்) அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. உறையில் ஆசிட் வேலை செய்கிறது, ஆனால் ரப்பர் மூலக்கூறு அப்படியே இருக்கிறது. ரோலரில் பிழிவதும் புகைப்புரையில் உலர்த்துவதும் தண்ணீரை வெளியேற்றத்தான், புகையால் பூஞ்சணமும் பிடிக்காது.

ரப்பர் உண்மையில் மாறுவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போதுதான். 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வழி அது. நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போடுகிறது, அதன்பின் வெயிலில் ஒட்டாது, குளிரில் விறைக்காது, உருக்கித் திரும்ப வார்க்கவும் முடியாது.

நான் இங்கே வளைகுடாவில் ரப்பர் சீல் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். கந்தகம் சேர்த்த கலவை மெஷினில் கொஞ்சம் அதிகம் சூடாகிவிட்டால் அச்சில் போகும் முன்பே அந்தக் கந்தகப் பாலங்கள் உண்டாகிவிடும், அந்தக் கட்டியைத் தூரப் போட வேண்டியதுதான். புதிதாக வரும் பையன்கள் இன்னொரு தடவை அரைத்துப் பார்க்கலாமே அண்ணே என்று கேட்பார்கள். பக்கத்தில் உட்கார வைத்து, சிரட்டைப் பாலில் தொடங்கி முழுக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். நம்ம ஊர்ப் பையன் என்றால் பாதியிலேயே பிடித்துக்கொள்கிறான்.