கையெழுத்து யாருடையது?

முக்கூடல் பக்கத்திலிருந்து எங்கள் மருத்துவமனை வார்டுக்கு வரும் ஆச்சிகள் பலர், பீடி சுற்றியே பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள். ஆனால் அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் மகன்தான் பேனாவை வாங்குகிறார். "அம்மாவுக்கு என்ன தெரியும் சிஸ்டர், நான் போடுகிறேன்." நான் விடுவதில்லை.

சுயநினைவோடு இருக்கும் வயதுவந்தவரின் உடலுக்கு அவருடைய சம்மதம்தான் செல்லும். பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை, தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கி அகற்றியது தவறு என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்ததாகாது. உயிர் காக்கும் அவசரம் என்றால் மட்டும் வேறு.

சிகிச்சையை விளக்குவது மருத்துவரின் கடமை. புரிந்ததா என்று பார்ப்பது செவிலியரான என் வேலை. "டாக்டர் என்ன செய்யப்போகிறார், நீங்களே சொல்லுங்கள் ஆச்சி" என்று கேட்பேன். அப்படிக் கேட்டபோது ஓர் ஆச்சி, "கட்டியை எடுப்பார்கள்" என்றார். கருப்பையையும் எடுப்பதாகப் படிவத்தில் இருந்தது. அது அவருக்குத் தெரியவே தெரியாது!

மருத்துவரை மறுபடி அழைத்தேன். அவர் வந்து, படம் வரைந்து, பொறுமையாக விளக்கினார். ஆச்சி நிறையக் கேள்வி கேட்டார். பிறகுதான் இடது பெருவிரலை மையில் அழுத்தி ரேகை வைத்தார். சாட்சிக் கையெழுத்து வாங்கி, நேரத்தையும் எழுதினேன். அறுவை சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போனதில் சிலருக்கு என்மேல் வருத்தம். அடுத்த படிவத்துக்கும் இப்படித்தான் செய்வேன்.