ஜிஎஸ் 2-ல் ஃபிலிபஸ்டர்: பேச்சை விடுங்க, 60-ஐப் பிடிங்க

சிவில் சர்வீஸ் மெயின்ஸ் ரிசல்ட் வந்துடுச்சு, என் நம்பர் இருக்கு. இப்பத்தான் நிம்மதியா மூச்சு விடுறேன். தமிழில் எழுதுறவங்க கேட்டதால இதை எழுதுறேன். ஜிஎஸ் 2, அதாவது அரசமைப்பு, ஆட்சிமுறை வர்ற பொது அறிவுத் தாள், முழுசுக்கும் வழி சொல்ல வரலை. பிற நாட்டு அரசமைப்புகளோடு ஒப்பிடும் பகுதிக்கு எனக்குக் கைகொடுத்தது அமெரிக்க மேலவையான செனட்டின் ஃபிலிபஸ்டர்தான், அதாவது விவாதத்தை முடிய விடாம மசோதாவை முடக்குற உத்தி.

இந்தத் தலைப்புன்னாலே எல்லாரும் 1957-ல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினதை எழுதுவாங்க. ஆனா அந்த மசோதா நிறைவேறிடுச்சே! இன்னைக்கு மசோதாவை முடக்குறது பேச்சு இல்லை, 60 என்கிற எண்ணிக்கை. செனட்டில் 100 பேர். 55 பேர் ஆதரிச்சாலும், விவாதத்தை முடிக்க 60 வாக்கு இல்லைன்னா மசோதா வாக்கெடுப்புக்கே வராது. 1970-களில் இருந்து ஒரு மசோதா முடங்கினாலும் மற்ற வேலைகள் தனித்தடத்தில் நடக்கும். அதனால யாரும் நின்னு பேச வேண்டியதில்லை, எதிர்ப்போம்னு சொன்னாலே போதும்.

நோட்டில் இவ்வளவுதான் வெச்சிருந்தேன்:
- 1917: விதி 22, விவாதத்தை முடிக்க வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு
- 1975: 60
- 2013: நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை, உச்ச நீதிமன்றத்துக்கு 2017-ல்
- பட்ஜெட் ரீகன்சிலியேஷன் (வரி, செலவு மசோதாக்களுக்கான தனி நடைமுறை): 60 தேவையில்லை

"சிறுபான்மையைக் காக்கும் கருவி"ன்னு ஒரே வரியில் முடிச்சிடாதீங்க. எந்தச் சிறுபான்மை? கறுப்பின மக்களைக் கும்பல் அடிச்சுக் கொல்றதைத் தடுக்க 1922-ல் கீழவையான பிரதிநிதிகள் சபை நிறைவேற்றின மசோதாவைத் தென்மாநில செனட்டர்கள் இப்படித்தான் சாகடிச்சாங்க. 1964 சிவில் உரிமைச் சட்டத்தையும் மாசக்கணக்கில் இழுத்தாங்க. ஜூன் 10-ல் 71–29 என்ற வாக்கில்தான் விவாதம் முடிஞ்சது. காப்பாத்தப்பட்டது அந்த செனட்டர்களோட அதிகாரம். படிக்கும்போதே கோபம் வரும். அந்தக் கோபத்தை வாதமா மாத்தி எழுதுங்க.

அடுத்து இந்தியா. மக்களவையில் விவாதத்தை முடிக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும், கில்லட்டினும் (நேரம் முடிஞ்சதும் மிச்சத்தை விவாதம் இல்லாமலே வாக்குக்கு விடுறது) இருக்கு. எதிர்க்கட்சிக்கு விதிப்படி இழுத்தடிக்க வழி குறைவு. அதனால்தான் அவையின் மையப்பகுதிக்கு இறங்குறாங்க, சஸ்பெண்ட் ஆகுறாங்க என்பது என் வாதம். 2023 டிசம்பரில் இரு அவையிலும் சேர்த்து 146 பேர். இந்த ஒப்பீட்டுக்குப் பாதிப் பக்கம் ஒதுக்குங்க.

குழுவா உட்கார்ந்து விவாதிக்கிறது எனக்கு ஒத்துவராது. தனியா, கையால, நேரம் வெச்சு எழுதிப் பார்த்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.

கடைசியா ஒண்ணு: பிரதிநிதிகள் சபைக்கும் ஃபிலிபஸ்டர் உண்டுன்னு எழுதிடாதீங்க. அங்கே விவாத நேரத்தை விதிகள் குழு வரையறுத்துடும்.