நாலு மணிக்கு முடியும் ஊழியம்

‘ஜெர்மனியில் ஒரு வருஷம் ஊழியம்’ என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் ஓடும்: கையில் பைபிள், தெருமுனை, பிரசங்கம். 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய தரங்கம்பாடி கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அங்கிருந்து ஒருத்தி லைப்சிக் போகிறாள் என்றதும், “பழைய கடனைத் திருப்பிக் கொடுக்கப் போறியா பாப்பா?” என்று சபையில் ஒரு தாத்தா கேலி செய்தார். இங்கே வந்து நான் செய்வது பெரும்பாலும் தக்காளி பொறுக்குவது. அப்பாவிடம் அதை இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

நான் இருப்பது நகரத்தின் கிழக்குப் பக்கம், ஐசன்பான் சாலையை ஒட்டிய பேட்டை. ஐசன்பான் என்றால் ரயில். 1839-இல் திறந்த லைப்சிக் - டிரெஸ்டன் ரயில் பாதை இந்த வழியாக ஓடியது. இப்போது டிராம் ஓடுகிறது. இருபுறமும் அரபு இனிப்புக் கடை, துருக்கிக்காரர் சலூன், வியட்நாம்காரர் காய்கறிக் கடை. ‘ஜெர்மனியிலேயே மோசமான தெரு’ என்று ஒரு டிவி நிகழ்ச்சி இதற்குப் பட்டம் கொடுத்திருக்கிறது. அப்பா அதைத் தேடிப் பார்த்துவிட்டு நடு ராத்திரியில் போன் செய்தார். மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்குத் தனியாக நின்றவளுக்கு இந்தத் தெரு ஒன்றும் பெரிதில்லை.

ஏப்ரலில் வந்தேன். முதல் சில வாரங்கள் காகிதத்திலேயே போயின. குடியிருக்கும் முகவரியைப் பதிய வேண்டும், பிறகு தங்கும் அனுமதி, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ். தபால் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் தபால் வராது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால் இந்த ஊருக்கு நான் ‘ஃப்ராவ் சாமுவேல்’, அதாவது சாமுவேல் அம்மையார். வீட்டில் கூப்பிடும் பெயர் இங்கே அறைத்தோழிக்கு மட்டும் தெரியும். அவள் தான்சானியா லூத்தரன் சபையிலிருந்து வந்தவள். என் சாம்பாரும் அவளுடைய உகாலி என்ற மக்காச்சோளக் களியும் ஒரே அடுப்பில் வேகின்றன, நன்றாகவே ஒத்துப்போகின்றன.

எனக்கு உறைத்த விஷயம் ஒப்பந்தம்தான். வாரம் 39 மணி நேரம் வேலை. விடுப்பு உண்டு. வருஷத்தில் 25 நாள் பயிற்சி வகுப்பு, அது சட்டப்படி கட்டாயம். சம்பளம் கிடையாது, பாக்கெட் மணி, தங்க அறை, மருத்துவக் காப்பீடு. நாலு மணிக்கு நான் வேலை செய்யும் கூடத்தைப் பூட்ட வேண்டும். ஊழியத்துக்கு டூட்டி நேரமா என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஐயர் (சபைப் போதகரை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டுக் கதவை ராத்திரி பதினொன்றுக்குத் தட்டினாலும் ஐயரம்மா காபி போட்டுக் கொடுப்பார். அப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

முதல் பயிற்சி வகுப்பில் இதன் கதையைச் சொன்னார்கள். முன்பெல்லாம் இங்கே நோயாளிகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்டது டீக்கனஸ் சகோதரிகள், கல்யாணம் செய்துகொள்ளாமல் வாழ்நாள் முழுவதையும் கொடுத்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்படி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆஸ்பத்திரிகளில் ஆள் இல்லை. 1954-இல் பவேரியாவில் நாய்ன்டெட்டெல்சாவ் என்ற ஊரின் டீக்கனஸ் இல்லத் தலைவர் ஹெர்மன் டீட்ஸ்ஃபெல்பிங்கர் இளம் பெண்களிடம் ஒரே ஒரு வருஷம் கேட்டார். அதற்கு ஆள் வந்தது. 1964-இல் அது நாடு முழுவதற்குமான சட்டமானது. 2011-இல் கட்டாய ராணுவ சேவை நிறுத்தப்பட்டது. ராணுவத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரிகளில் வேலை செய்துவந்த பையன்களும் அதோடு நின்றுபோக, அந்த இடத்தை நிரப்ப அரசே தொண்டர் சேவை ஒன்றைத் தொடங்கியது. என் ஒப்பந்தம் அந்த வகை.

ஆக, வாழ்நாள் முழுவதையும் கேட்டால் ஒருத்தரும் வராத காலத்தில் ஒரு வருஷம் கேட்டிருக்கிறார்கள். வருஷக் கணக்கு வந்தால் மணிக் கணக்கும் வரத்தானே செய்யும்? இதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஐயரம்மாவின் முதுகுவலியும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

சரி, தக்காளி விஷயம். வாரத்தில் ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்காமல் மீந்ததை வேனில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஓய்வுபெற்ற பெண்மணிகள் நாலைந்து பேர் கையுறை மாட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி நிற்பார்கள், நடுவில் நான். வலைப்பையில் ஒரு ஆரஞ்சு அழுகியிருந்தால் கடைக்காரர் முழுப் பையையும் ஒதுக்கிவிடுவார். நாங்கள் பையைக் கிழித்து, அந்த ஒன்றை எறிந்துவிட்டு, மற்றதைத் துடைத்து அடுக்குவோம். தயிர் டப்பாவில் தேதி முடிந்திருந்தாலும் மூடி உப்பாமல் இருந்தால் கொடுக்கலாம். தக்காளியை அடியில் போட்டு உருளைக்கிழங்கை மேலே வைத்தால் திட்டு விழும், எந்த ஊர் அம்மாவாக இருந்தாலும். வாங்க வருகிறவர்களுக்கு வண்ணச் சீட்டு. எந்த வண்ணம் முதலில் என்பது வாரா வாரம் மாறும், அதனால் முண்டியடிக்க வேண்டியதில்லை. நம் ரேஷன் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து இதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத வருவார்கள். கணக்கு நான் சொல்லிக்கொடுப்பேன், ஜெர்மன் அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்புறம் காபி நேரம். முதியவர்கள் வருவார்கள்.

அவர்களில் ஒருவர் அச்சுக்கோப்பவராக இருந்தவர். லைப்சிக் ஒரு காலத்தில் ஜெர்மனியின் புத்தகத் தலைநகரம். பதிப்பகங்களும் அச்சகங்களும் இந்தக் கிழக்குப் பக்கத்தை ஒட்டித்தான் குவிந்திருந்தன. எந்த ஊர் என்று அவர் கேட்டபோது, தரங்கம்பாடி அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகளை ஹாலேயில்தான் வார்த்து அனுப்பினார்கள், 1713-இல் வந்து சேர்ந்தது என்று சொன்னேன். ஹாலே இங்கிருந்து லோக்கல் ரயிலில் போய்வரும் தூரம். மனிதர் காபியைத் தள்ளி வைத்துவிட்டார். “மொத்தம் எத்தனை எழுத்து?” 247 என்றதும் விசில் அடித்தார். அப்புறம் நான் துணைக்காலும் கொம்பும் தனித்தனித் துண்டுகள் என்று வரைந்து காட்டினேன். காகிதத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் படித்தார். அச்சுக்கோப்பவர்கள் அப்படித்தான் பார்த்துப் பழகியவர்களாம். ஹாலே எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால் எங்கள் பக்கத்திலேயே சின்னதாக மறுபடி வார்க்க வேண்டியிருந்தது என்றேன். “படிக்கத் தெரியாதவன் வெட்டினால் பெரிதாகத்தான் வெட்டுவான்” என்றார். துண்டுகளைக் கணக்கிட்டு, எழுத்துப் பெட்டியில் எது எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கோடு போட ஆரம்பித்தார். மணி நாலு.

பூட்டத்தான் செய்தேன். அவர் நடக்கப் பிடித்துக்கொள்ளும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரம் பார்ப்போம், ஃப்ராவ் சாமுவேல்” என்று நடந்துவிட்டார், அவருக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பொறுப்பாளரம்மாவிடம் போய்ப் புலம்பினேன். அவர் நிதானமாகச் சொன்னது இதுதான்: வேலை நேரத்துக்கு வெளியே நீ யார் வீட்டுக்குப் போனாலும் தொண்டராகப் போகாதே, பக்கத்துத் தெருக்காரியாகப் போ. அவரும் உன்னை வர வேண்டாம் என்று சொல்ல முடிய வேண்டும்.

அந்தக் கடைசி வரி எனக்குப் புதிது. ஊரில் வீடு சந்திக்கப் போகும்போது யாராவது வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதே இல்லை.

ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டம் குறைவு. இங்கே பெரும்பாலோர் எந்தச் சபையிலும் இல்லை. கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியின் நாற்பது வருஷம் அப்படி. பாட்டுகளின் ராகம் மட்டும் எனக்குத் தெரியும், நம் ஞானப்பாட்டுகளில் பாதி இங்கிருந்து வந்தவைதானே. வாயில் தமிழ் வந்துவிடுகிறது, ஆர்கன் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. பக்கத்து பேட்டையான ஃபோக்மார்ஸ்டார்ஃபில் லூக்கா ஆலயம் இருக்கிறது. கிறிஸ்டோஃப் வொன்னபெர்கர் அங்கேதான் போதகராக இருந்தார். நகரின் நிக்கோலாய் ஆலயத்தில் திங்கள்தோறும் நடந்த சமாதான ஜெபங்களை ஒருங்கிணைத்தவர். 1989 அக்டோபர் 9-ஆம் தேதி அந்த ஜெபத்துக்குப் பின் எழுபதாயிரம் பேர் அந்த அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுடவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது. அவர் மாதிரி ஆள் எந்த மணிக்குக் கதவைப் பூட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அச்சுக்கோப்பவரிடம் அந்த அக்டோபர் 9 அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, “வீட்டில்தான். மனைவி செருப்பை ஒளித்து வைத்துவிட்டாள்” என்றார்.

இப்போது ஜூலை. இரவு ஒன்பதரை வரை வெளிச்சம், வீட்டில் மின்விசிறி கிடையாது. ஹாலேயில் தரங்கம்பாடி மிஷனைத் தாங்கிய ஃபிராங்கே நிறுவனத்தின் பழைய கலைப்பொருள் அறையில் நம் பக்கத்திலிருந்து போன பொருள்களைப் பார்க்க வேண்டும் என்று அச்சுக்கோப்பவருக்கு ஆசை வந்துவிட்டது. ‘நீங்கள் கூப்பிட்டால் வருவேன்’ என்று நான் சொல்லி, அவரே நாள் குறித்தார். தள்ளுவண்டி ஏறுகிற மாதிரி தாழ்தள டிராம் எது, அங்கே லிஃப்ட் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். போவது சனிக்கிழமை. எனக்கு லீவு நாள், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. டிக்கெட் காசை மட்டும் யார் கொடுப்பது என்று இன்னும் தகராறு.